ஒரு சாண் பிளாஸ்டிக்குக்காகத் தரையை உடைக்கச் சொல்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கிவிட்டால் தண்ணீர் வீணாவதைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு யாராவது கடிதம் எழுதுவார்கள். அதில் அடுக்ககத்து நீச்சல் குளங்களுக்கு ஒரு குட்டு கட்டாயம் இருக்கும். குட்டுவதில் தப்பில்லை, நானே சங்கக் கூட்டத்தில் குட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் குளத்துத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பத்து மாதமாகக் குளத்தங்கரையில் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவிப் பார்த்தவன் நான். மிதக்கும் அழுக்கை வாரும் ஸ்கிம்மரில் உடைந்த ஒரு சின்னச் சாமானை மாற்ற வழியில்லாமல் வீணாகிற தண்ணீர்தான் அதில் பெரும்பங்கு என்று தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதானால் என் புலம்பலை வெட்டுங்கள், அளவுகளை வெட்டாதீர்கள்.

எங்கள் குடியிருப்பு பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. 96 வீடுகள், 2006-ல் கட்டியது. குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். கணக்குப் போட்டால் 86,000 லிட்டர் சொச்சம் வரும். நான் பஸ் பணிமனை ஸ்டோரில் 32 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு நீச்சல் தெரியாது. குளத்துக்குப் பொறுப்பாளர் ஆனதே, கூட்டத்தில் யாரோ "ஸ்பேர் பார்ட்டு விஷயம்தானே, சார்தான் ஸ்டோர்ல இருந்தவராச்சே" என்று கிளப்பிவிட்டதால்.

உடைந்தது ஸ்கிம்மரின் பிளாப். ஸ்கிம்மரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். குளத்துச் சுவரில், தண்ணீர் மட்டத்தில், ஒரு சின்ன சன்னல் இருக்கும். அதற்குப் பின்னால் தரைக்கடியில் ஒரு வாளி, வாளிக்குள் ஒரு கூடை, கூடைக்கு அடியில் பம்புக்குப் போகும் ஓட்டை. தரையில் இதற்கு ஒரு மூடி. சன்னலின் அடிவிளிம்பில் கீல் வைத்தாற்போல ஒரு பலகை, அதுதான் பிளாப், மிதந்துகொண்டு நிற்கும். பம்பு இழுக்கும்போது அது கொஞ்சம் உள்பக்கம் சாயும். ஏரி நிரம்பினால் கலங்கலில் தண்ணீர் மெல்லிய தகடாய் வழியுமே, அதே மாதிரி குளத்தின் மேல்பரப்புத் தண்ணீர் மட்டும் அதன் தலைமேல் வழிந்து வாளிக்குள் விழும். பாலில் ஆடை எடுப்பது போலத்தான். குளத்து அழுக்கில் பெரும்பங்கு மேலேதான் மிதக்கிறது, தலையில் தடவிய தேங்காய் எண்ணெய், தூசி, பூ, சருகு எல்லாம். பம்பை நிறுத்தினால் பிளாப் நிமிர்ந்து சன்னலைச் சாத்திக்கொள்ளும், உள்ளே போன குப்பை திரும்பி வராது. இதைவிட எளிமையான ஒரு கருவியை நான் பணிமனையில் பார்த்ததில்லை. மின்சாரம் கிடையாது, வால்வு கிடையாது, மிதந்தால் போதும்.

எங்கள் குளத்துக்கு மூன்று ஸ்கிம்மர். சுமார் 25 சதுர மீட்டர் பரப்புக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு, நமக்கு 72 சதுர மீட்டர், சரி. போன சித்திரையில் இரண்டாவது ஸ்கிம்மரின் பிளாப் ஒருபக்கக் குமிழ் முறிந்து தொங்கியது. குளத்தங்கரையில் இரண்டு புங்க மரம் நிற்கிறது, அந்த நேரத்தில் பூக்கொட்டும் பாருங்கள், பொரியை வாரி இறைத்தாற்போல. காலையில் பம்பு ஓடும்போது பூவெல்லாம் உள்ளே போகும். மதியம் நிறுத்தினால் அதே பூ, ஊறிப் பழுப்பேறி, ஊர்வலம் மாதிரி வெளியே வரும். என் பேத்தி, "தாத்தா, குளம் வாந்தி எடுக்குது" என்றாள். கொஞ்ச நாளில் பிளாப்பே கழன்று உள்ளே விழுந்து, ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்த கூடையையும் உடைத்துவிட்டு, அதன் சில்லுகள் பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிப் பானை வரைக்கும் போயிருந்தன. இன்னும் ஒரு அங்குலம் போயிருந்தால் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் சிக்கியிருக்கும்.

நாலைந்து கூட்டம் பேசிப் பேசியே ஐப்பசி வந்துவிட்டது. அப்புறம்தான் ஒரு காண்டிராக்டரை அழைத்தோம், பெயர் வேண்டாம். வந்தார், குனியவில்லை, நின்றபடியே பார்த்தார். "இந்த மாடலெல்லாம் இப்ப வர்றதில்ல சார். மூணு ஸ்கிம்மரையும் எடுத்துட்டுப் புதுசு போட்ருவோம், சுத்தி தரையை உடைக்கணும், டைல்ஸ் மாத்தணும், குளத்தைக் காலி பண்ணணும்." 1,85,000 ரூபாய், பதினைந்து நாள். நான் கேட்டேன், "பிளாப் மட்டும் தனியா கிடைக்காதா?" அவர் சிரித்தார். வெறும் சிரிப்புதான், கெட்ட மனிதர் இல்லை. தனியாகப் பிளாப் விற்று அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது என்பதும் எனக்குப் புரிகிறது.

பணம் போகட்டும், குளத்தைக் காலி செய்வது என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் நாலு அடி தோண்டினால் தண்ணீர். சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டால் குளம் என்பது என்ன, ஒரு காலி கான்கிரீட் தொட்டி. தண்ணீருக்குள் அமுக்கிய காலிக் குடம் மேலே வரப் பார்க்குமே, அப்படித்தான். தொட்டி மேலே எழும்பும், எழும்ப முடியாவிட்டால் தரை விரியும், குழாய்கள் முறியும். ஸ்கிம்மர் வேலைக்குக் குளத்தைக் காலி செய்யவே வேண்டாம். சன்னலுக்குக் கீழே ஒரு சாண் தண்ணீரை இறக்கினால் போதும். எங்கள் குளத்தில் 20 செ.மீ. இறக்கினால் 14,400 லிட்டர். குளோரின் போடாமல் மூன்று நான்கு நாள் வெயிலில் விட்டால் குளோரின் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கார் நிறுத்துமிடம் கழுவப் பிடித்துக்கொள்ளலாம். 14,400 எங்கே, 86,000 எங்கே. மறுபடி நிரப்ப 12,000 லிட்டர் லாரி ஏழு வர வேண்டும்.

சரி, மாடல் என்ன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று காகிதங்களைத் தேடினேன். கட்டியவர் கொடுத்த வரைபடங்களும் குளத்துச் சாமான்களின் பட்டியலும் அடித்தள அலுவலகத்தில் இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த பீரோ மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றது. திறந்தபோது கோப்புகள் அவித்த வாழைப்பூ மாதிரி இருந்ததாக அப்போதைய செயலாளர் சொல்கிறார். கட்டிய நிறுவனத்திடம் நகல் கேட்டோம், அவர்களிடமும் இல்லையாம், அன்றைக்கு வேலை பார்த்த பொறியாளர் இப்போது துபாயில் இருக்கிறாராம்.

ஆனால் சாமானே தன் பெயரைச் சொல்லும் என்பது ஸ்டோரில் கற்ற பாடம். மூடியின் அடிப்பக்கம், கூடையின் அடிப்பக்கம், வாளியின் உள்சுவர், இந்த மூன்று இடத்தில் ஒன்றிலாவது அச்சில் வார்த்த எழுத்து இருக்கும். குப்புறப் படுத்து, ஒரு கையில் செல்போன் டார்ச், இன்னொரு கையில் என் மனைவியின் கைக்கண்ணாடி, பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க எழுத்து தெரிந்தது. அமெரிக்கத் தயாரிப்பு. மாடல் எண்ணும் இருந்தது. மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "என்னங்க, என் கண்ணாடியா அது?" என்று கேட்டதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, இரண்டு நாள் அலைந்தேன். வால்வு கிடைக்கிறது, பம்பு கிடைக்கிறது, மணல் பில்டர் முழுசாகக் கிடைக்கிறது, விளக்கு கிடைக்கிறது. ஸ்கிம்மர் கேட்டால் புதுசாக ஒரு முழு ஸ்கிம்மரை எடுத்துப் போடுகிறார்கள். பிளாப் மட்டும்? இல்லை. கூடை மட்டும்? "அளவு கொண்டு வாங்க, ஒத்து வந்தா பாருங்க." பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் இருபது வருடத்துக்கு முன்னால் உற்பத்தி நின்ற வண்டிக்கும் கதவுக் கைப்பிடி கிடைக்கும். நீச்சல் குளத்துக்கு ஒரு புதுப்பேட்டை இல்லை. சென்னையில் இத்தனை அடுக்ககம், ஓட்டல், பள்ளிக்கூடம், ரிசார்ட் குளங்களை வைத்துக்கொண்டு இந்த நிலைமை.

இதற்குள் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்திருந்தது. ஸ்கிம்மர் வாளியின் அடியில் இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்று பம்புக்கு. இன்னொன்றை எங்கள் குளத்தில் பயன்படுத்தாமல் ஒன்றரை இன்ச் பிளக் போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பிளக்கும் உளுத்துப்போயிருந்ததால் எங்கள் வழக்கமான பிளம்பர், நல்லெண்ணத்தில்தான், கடையில் ஒரு ஒன்றரை இன்ச் பிளக் வாங்கி வந்து முறுக்கியிருக்கிறார். மூன்று சுற்று போனது, அப்புறம் இறுகிவிட்டது. போகவில்லையே என்று பைப் ரெஞ்ச் போட்டு ஒரு திருகு. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். அவரே பிறகு என்னிடம் சொன்னார். இங்கே இந்தத் தப்பைச் செய்யாத ஆளே இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் குழாய் மரை பிரிட்டிஷ் வழி, பி.எஸ்.பி. என்பார்கள். ஒன்றரை இன்ச்சில் அங்குலத்துக்கு 11 மரை, மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்கச் சாமானில் இருப்பது என்.பி.டி., அங்குலத்துக்குப் பதினொன்றரை மரை, கோணம் 60 டிகிரி. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். முதல் மூன்று சுற்று ஒன்றாகவே போகும். அப்புறம் அரை மரை வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து பல்லோடு பல் மோதும். இரும்பாக இருந்தால் மரை நசுங்கும். இருபது வருடம் குளோரினில் ஊறிய பிளாஸ்டிக்காக இருந்தால் வாய் பிளக்கும். ஸ்டோரில் ஐம்பது ரூபாய் மரை கேஜ் ஒன்று வைத்திருப்போம், சீப்பு மாதிரி இருக்கும், மரையின் மேல் வைத்தால் வெளிச்சம் தெரிகிறதா இல்லையா என்று பார்த்தே சொல்லிவிடலாம். குளத்து வேலைக்கு வரும் எவர் பையிலும் அதை நான் பார்த்ததில்லை.

அந்த 'டிக்'கின் விலை, தினம் ஆயிரம் லிட்டர். எப்படித் தெரிந்தது என்றால், குளம் நாளுக்கு 2 செ.மீ. இறங்க ஆரம்பித்தது. எல்லோரும் வெயில் என்றார்கள். கார்த்திகையில் என்ன வெயில்? ஒரு பிளாஸ்டிக் வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பிப் படிக்கட்டில், வாளியின் கழுத்து வெளியே தெரியும்படி, கல் போட்டு நிறுத்தினேன். வாளிக்குள் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு. மழை பெய்யாத ஒரு நாள் கிடைத்தது. மறுநாள் வாளியில் 6 மி.மீ. குறைந்திருந்தது, குளத்தில் 20. வெயில் குடித்தது இரண்டிலும் ஒரே அளவுதான் இருக்கும். ஆக மீதி 14 மி.மீ. மண்ணுக்குள் போகிறது. 72 சதுர மீட்டருக்கு 14 மி.மீ. என்றால் 1,008 லிட்டர். பன்னிரண்டு நாளைக்கு ஒரு லாரி, நாங்கள் காசு கொடுத்து வாங்கி நிலத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஆள் வைத்தால் அதற்குத் தனிக் கட்டணம். நாங்கள் பம்பை நிறுத்தி, ஸ்கிம்மர் வால்வுகளை மூடிவிட்டு, சும்மா காத்திருந்தோம். தினம் 2 செ.மீ. இறங்கிய தண்ணீர், நாலாம் நாள் ஸ்கிம்மர் சன்னலின் அடிவிளிம்புக்கு வந்ததும், வெயில் குடிப்பது தவிர, இறங்குவதை நிறுத்திக்கொண்டது. அதாவது குளத்துச் சுவரிலோ தரையிலோ ஓட்டை இல்லை. மறுநாள் காலை மூன்று மூடிகளையும் திறந்து பார்த்தால், ஒன்றாவதிலும் மூன்றாவதிலும் வாளி நிறையத் தண்ணீர் அப்படியே நிற்கிறது, இரண்டாவது வாளி காய்ந்து கிடக்கிறது. அடியில் அந்தப் புதுப் பிளக்கைச் சுற்றி, தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. குளம் பார்க்கும் தம்பி, கடலூர்ப் பக்கத்துப் பையன், "சார், இதுக்கா லட்ச ரூபா?" என்றான். இரண்டு பாகமாக வரும் எபாக்சி ஒட்டுப் பசையை வாங்கி, சப்பாத்தி மாவு மாதிரி இரண்டு நிறமும் ஒன்றாகும் வரை பிசைந்து, வெடிப்பை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு அழுத்தினோம். ஓட்டைக்குத் தற்காலிகமாக ஒரு ரப்பர் அடைப்பு. ஒரு நாள் காயவிட்டு நிரப்பினோம். வாளியும் குளமும் அதற்கப்புறம் ஒரே கோட்டில் இறங்குகின்றன.

பிளாப்புக்கு வருகிறேன். பாகம் கிடைக்கும் வரை பிளாப் இல்லாமலே ஓடட்டும் என்று பலர் சொன்னார்கள். இன்னொருவர் ஒரு படி மேலே போய், ஸ்கிம்மர் வால்வு மூன்றையும் மூடிவிட்டு அடி வடிகால் ஒன்றிலேயே பம்பை ஓட்டுங்கள் என்றார். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். பம்பின் மொத்த இழுப்பும் ஒரே ஓட்டையில் போய் நிற்கும். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-ல் ஒரு வெந்நீர்த் தொட்டியில் இப்படித்தான் வடிகால் உறிஞ்சலில் சிக்கி மூழ்கி இறந்தாள். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2007-ல் அங்கே சட்டம் வந்தது. பொதுக் குளங்களில் வடிகால் மூடி இப்படித்தான் இருக்க வேண்டும், ஒற்றை வடிகால் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று. எங்கள் குளத்தின் அடி வடிகால் மூடியில் ஒரு மூலை உடைந்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரியவந்தது. முதல் வேலையாக அதை மாற்றினோம். அது நம் ஊர்க் கடையிலேயே கிடைத்தது, நல்லவேளை.

பிளாப்பை நாமே செய்துவிடலாம் என்று முதலில் அக்ரிலிக் தகட்டில் வெட்டினோம். அழகாக இருந்தது, கண்ணாடி மாதிரி. போட்டதும் கல் மாதிரி படுத்துவிட்டது. அக்ரிலிக் தண்ணீரைவிடக் கனம் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை. பழைய பிளாப்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே நுரைப் பஞ்சு அடைத்திருக்கிறார்கள், மிதப்பதற்கு. அப்புறம் சமையலறை அலமாரி செய்கிறவரிடம் பத்து மி.மீ. பிவிசி போம் ஷீட் துண்டு ஒன்று வாங்கினோம். அலமாரிக் கதவுக்குப் போடுவார்களே அதே பலகை, தண்ணீரில் மிதக்கும், ஊறாது. முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தோம். அட்டை மேலே தட்டியது, கீழே தட்டவில்லை. ஏன் என்றால், சில வருடம் முன்னால் டைல்ஸ் மாற்றிய கொத்தனார் சன்னலுக்குள் ஒரு பக்கம் சிமெண்டை இழுத்துப் பூசியிருக்கிறார், வாய் நேராக இல்லை, மேலே 2 மி.மீ. குறுகல். புதுப் பாகம் வாங்கிப் போட்டிருந்தாலும் மாட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஆகவே அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும், குறைந்த அளவிலிருந்து இரண்டு பக்கமும் 3 மி.மீ. விட வேண்டும். கீலுக்கு முதலில் 304 ரக எவர்சில்வர் கம்பி போட்டோம், மூன்று வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. 316 ரகம் போட்டோம், கழற்றும் வரை வெள்ளையாகவே இருந்தது. மொத்தச் செலவு 340 ரூபாய், தம்பிக்கு வாங்கிக் கொடுத்த பரோட்டா நீங்கலாக.

அந்தப் பலகை இரண்டு மாதம் ஓடியது. தைப் பொங்கலுக்கு டெக்சாஸிலிருந்து வந்த அக்கா மகன் அசல் பிளாப்பு இரண்டும் என்.பி.டி. பிளக் ஒன்றும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். அங்கே அக்கம்பக்கத்துக் குளச் சாமான் கடையிலேயே தொங்குகிறதாம், முப்பது வருடப் பழைய குளத்துக்கும் பாகம் தனித்தனியாகக் கிடைக்கிறதாம். குமிழ் பொருந்தாத பழைய ஸ்கிம்மருக்கென்று ஸ்பிரிங் வைத்த தண்டோடு வரும் பிளாப்பும் உண்டு. குளியலறைத் திரைக் கம்பியைச் சுவருக்குச் சுவர் முட்டுக் கொடுத்து நிறுத்துவோமே, அதே உத்தி, ஓட்டையே தேவையில்லை. எங்களுக்கு அசலே பொருந்தியதால் அது தேவைப்படவில்லை. மாட்டி முடிக்க நாலு நிமிடம் ஆனது. ஒரு பக்கக் குமிழை ஓட்டையில் வைத்து, மறுபக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கி விட்டால் 'டப்' என்று உட்கார்ந்துவிடுகிறது. தம்பி பம்பைப் போட்டான், பலகை தலை சாய்ந்தது, பூவெல்லாம் வரிசையாக உள்ளே போனது.

ஏன் உடைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மற்ற குளங்களிலும் இதே கதைதான் இருக்கும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது நாங்களும் குளத்தைக் காலியாக வைத்தோம், அது நியாயம். ஆனால் பிளாப்பையும் கூடையையும் கழற்றி நிழலில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்தன. அடுத்தது குளோரின் வில்லை. டி.சி.சி.ஏ. என்கிற அந்த வில்லையை ஸ்கிம்மர் கூடையிலேயே போட்டுவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். பம்பு ஓடும்போது கரைந்து பரவிவிடும். ராத்திரி பம்பு நிற்கும்போது அந்த வாளித் தண்ணீர் அமிலமாக மாறிப் பிளாஸ்டிக்கையும் இரும்பையும் தின்கிறது. மிதவையில் வைத்துக் குளத்தில் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, டி.சி.சி.ஏ. இருந்த கூடையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எங்கள் மோட்டார் அறையில் இரண்டு டப்பாவும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இப்போது இல்லை.

நான் கேட்பது மூன்று பேரிடம். கட்டுகிறவர்களிடம் முதலில்: 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பொதுப் பகுதிகள் உட்பட வரைபடங்களையும் ஆவணங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அந்தக் கட்டில் குளத்துக் குழாய் வரைபடமும், ஸ்கிம்மர், வடிகால் மூடி, வால்வு ஒவ்வொன்றின் தயாரிப்பும் மாடல் எண்ணும் மரை வகையும் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களைப் போல 2016-க்கு முன்னால் குடிவந்தவர்கள் நாமே குனிந்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான், எழுதியதைத் தயவுசெய்து அடித்தளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கள் அடித்தளத்துக்குள் தண்ணீர் வந்தது. இந்த முறை கோப்பு மூன்றாம் மாடியில் இருந்தது.

சாமான் விற்கிறவர்களிடம்: முழு ஸ்கிம்மர் பத்து இறக்குமதி செய்யும்போது பிளாப் இருபது, கூடை இருபது, மூடி பத்து சேர்த்து இறக்குங்கள். விற்கும், நான் உத்தரவாதம். பணிமனையில் ஒரு என்ஜினுக்கு முப்பது கேஸ்கெட் போகும். சங்கங்களிடம்: உடைந்த பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதுதான் அளவு, அதுதான் முகவரி. எங்கள் தம்பி முதல் நாளே அந்தச் சில்லுகளைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தான், குமிழின் விட்டம் எனக்கு அதிலிருந்துதான் கிடைத்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்றாவது ஸ்கிம்மரின் தரை மூடி போன வருடம் உடைந்து, காவலாளி ஒரு கடப்பாக் கல் துண்டை வைத்து மூடியிருந்தார். வட்ட ஓட்டையின் மேல் சதுரக் கல், யாராவது ஓரத்தில் மிதித்தால் கவிழும். ஒரு பையனின் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. கூடை இருந்ததால் சிராய்ப்போடு போயிற்று, கூடை இல்லாவிட்டால் குதிகால் நேரே உறிஞ்சு குழாயில் போய் உட்கார்ந்திருக்கும். இப்போது போம் ஷீட்டில் வட்டம் வெட்டி, கீழே ஒரு வளையம் ஒட்டி, இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கிறோம், சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறோம், குழந்தைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. அசல் மூடி வேண்டும். அக்கா மகன் கொண்டுவந்தது அரை இன்ச் பெரிசாகப் போய்விட்டது, தப்பு என்னுடையது, ஓட்டையின் விளிம்பையும் சேர்த்து அளந்து சொல்லிவிட்டேன். 2000-களில் கட்டிய குளம் எதையாவது இந்தக் கோடையில் யாராவது இடிக்கிறார்கள் என்றால், அந்த மூடிகளைக் காயலான் கடைக்குப் போடாமல் எடுத்து வைத்து உங்கள் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதட்டும். அட்டையில் வெட்டிய அளவோடு நானே வந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்,
பள்ளிக்கரணை, சென்னை.